மறதிக்கு எதிராக ஒரு மனப்பாடப் போட்டி

மறதி வராமல் தடுக்க மூத்தோருக்கு ஒரு மனப்பாடப் போட்டி நடத்திவிட்டு, அதில் முதல் பரிசு வாங்கிய அப்பாவைக் கோயிலிலேயே மறந்துவிட்டு, நான் மட்டும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல ஒரு வழி இருக்கும் என்று பல வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

காப்பி பாதி இறங்கிய பிறகுதான் மனைவி கேட்டாள், மாமா எங்கே என்று. நான் வாசலைப் பார்த்தேன். பிறகு ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பார்த்தேன், அவர் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதுபோல. "இப்பத்தானே கைதட்டுனோம்" என்று நான் சொன்னதாக அவள் பின்னாளில் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் என் வாயில் வேறு அறிவார்ந்த வாக்கியம் எதுவும் தயாராக இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கைபேசி இன்னும் எங்கள் பைகளுக்குள் வராத காலம். திருவனந்தபுரத்தில் எங்களுடையது தமிழ்ச் சபை. ரயில்வேக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் சாலைக்கடைத் தெருவுக்கும் வேலைக்கு வந்த திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள். சர்ச்சை நாங்கள் கோயில் என்றே சொல்வோம். உள்ளே ஆராதனை தமிழில் நடக்கும். வெளியே படிக்கட்டில் பிள்ளைகள் மலையாளத்தில் சண்டை போடுவார்கள். அந்தச் சபைக்கு நான் செக்ரட்டரி. பகலில் ஆபீஸ் ஃபைல்கள், மாலையில் கோயில் ஃபைல்கள். ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டால் ஒரு பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பிய தலைமுறை நான்.

போட்டி யோசனை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வந்தது. அங்கே கிடந்த ஒரு பழைய பத்திரிகையில் முதுமையின் மறதியைப் பற்றி ஒரு கட்டுரை. மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. அத்தோடு பக்கம் கிழிந்திருந்தது. மீதியில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருப்பதாகவும் எனக்குப் படவில்லை. கிழிந்த பாதியை நானே என் மண்டைக்குள் எழுதி முடித்துவிட்டேன். நிறையப் படிக்கிற ஆள் என்று பெயரெடுத்தவனுக்கு இது ஒரு தொழில்வியாதி.

எங்கள் ஜனங்களுக்கு ஞாபகசக்தி என்றால் வசனம்தான். எட்டு வயதில் வசனம் சொல்லிப் பரிசு வாங்குவோம். எண்பதில் வசனம் சொல்லிப் பெயர் வாங்குவோம். பாட்டின் முதலடியைச் சொன்னால் அதன் எண்ணைப் புத்தகம் திறக்காமல் சொல்கிறவருக்குத் தலை தெளிவு என்று அர்த்தம். ஒரு பெரியவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வீட்டையே கொளுத்தப் பார்த்தார் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார், அதெல்லாம் ஒன்றுமில்லை, போன வாரம்கூட மலைப்பிரசங்கம் முழுவதும் சொன்னாரே என்று. அதோடு விசாரணை முடிந்துவிடும். நாங்கள் தலையைச் சோதிக்கும் முறை அது ஒன்றே. மருத்துவம் வேறு முறைகளைக் கண்டுபிடித்திருப்பது எங்கள் காதுக்கு வரவில்லை.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கோயிலில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம் உண்டல்லவா, அதற்குச் சாமான் பிடிக்கிற வேலை. அறுநூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, கறிக்குழம்புக்கு எத்தனை கிலோ மல்லி என்று அவர் தலையில்தான் இருந்தது. ஒரு மாதம் முன்பே ஆரியசாலைக்குப் போய்க் கடை கடையாக ஏறி மிளகாயை ஒடித்து மோந்து பார்த்து, வியாபாரிகளிடம் சண்டை போட்டு, அதே வியாபாரிகளோடு டீ குடித்துவிட்டு வருவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி.

போட்டிக்கு இரண்டு வருஷம் முன்னால் அவரிடமிருந்து அதை வாங்கி ஒரு கேட்டரிங்காரரிடம் கொடுத்தவன் நான். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். எழுபது தாண்டியவர்கள் இனி ஒன்றும் செய்ய வேண்டாம், ஓய்வாக இருக்கட்டும் என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தேன். கோயிலின் முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலிகளை வெள்ளை உறை மாட்டிப் போட்டு அதற்கு மூத்தோர் வரிசை என்று பெயரும் வைத்தேன். பூ வைத்துக்கொண்டிருந்த அம்மாள், பாட்டு எண் பலகையைப் போட்டுக்கொண்டிருந்த ஐயா, காணிக்கைப் பை தைத்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமார் எல்லோரையும் அந்த நாற்காலிகளில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ சாமான் வாங்க யாருல போறது?"

"உங்களுக்கு இனிமே ஒரு வேலையும் கிடையாதுப்பா. சும்மா இருங்க."

பெருமையாகச் சொன்னேன். மைக்கில் வேறு சொன்னேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை மத்தியானம். பதினொரு பேர் கலந்துகொண்டார்கள். அப்பா எழுந்து, வேதத்திலேயே மிக நீளமான சங்கீதத்தை, அந்த நூற்றெழுபத்தாறு வசனத்தை, முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவராக உட்கார்ந்திருந்த டீச்சர் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டே போனவர், பாதியில் விரலை எடுத்துவிட்டுச் சும்மா கேட்க ஆரம்பித்துவிட்டார். மணியடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று பரிசு. செக்ரட்டரியின் அப்பாவுக்கே பரிசா என்று யாரும் முணுமுணுக்கக்கூட முடியாத வெற்றி. அதன் பிறகு நான் இருபது நிமிஷம் பேசினேன். நம் சபையில் மறதிக்கு இடமில்லை என்பது பேச்சின் சாரம். கைதட்டினார்கள். வெளியே டீ குடிக்கும்போது ஒருவர் பேச்சின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் போதையில்தான் ஸ்கூட்டரை உதைத்திருக்க வேண்டும்.

திரும்பிப் போனபோது கோயில் பூட்டிக் கிடந்தது. கோயில்பிள்ளை, அதாவது மணியடித்துக் கதவு திறந்து பூட்டுகிறவர், வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐயா வாளியோடு பக்கத்து கேட் வழியாகக் கடைத்தெருவுக்குப் போனாவ என்றார். எல்லாச் சனிக்கிழமையும் போறதுதானே என்றும் சொன்னார். எனக்கு அது புரியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அப்பா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார் என்றுதான் நான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கு அடித்தேன். மனைவி எடுத்தாள். ஆரியசாலையில் இருந்து அண்ணாச்சி கடைக்காரர் இப்போதுதான் கூப்பிட்டார், மாமா அங்கே இருக்கிறார், உடனே போங்கள் என்றாள். குரலில் திட்டு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆரியசாலைச் சந்தில் ஸ்கூட்டர் போகாது. கைவண்டிக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் நடுவில், வற்றல் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஓடினேன். அப்பா கடைக்குள் ஒரு பருப்பு மூட்டையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. கையில் டீ. நெற்றி நிறைய விபூதியோடு அண்ணாச்சி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்க, அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்ன வெங்காயம் நாப்பது கிலோ. பொடிசாப் போட்டுராதிய. உரிக்கிற பொம்பளைய என்னையத்தான் ஏசுவாளுவ."

அசனத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

நான் அப்பா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பினார். முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து புதிதாக ஆராதனைக்கு வருகிறவர்களுக்காக அவர் வாசலில் நின்று வைத்திருக்கும் சிரிப்பு.

"வாங்க தம்பி," என்றார். "நீங்க எந்தச் சபை?"

ஏல, வால, போல என்பதைத் தவிர அப்பா என்னை வேறு விதமாக விளித்ததே கிடையாது. என் கல்யாணத்தன்று மேடையில்கூட "ஏல, நேரா நில்லு" என்றுதான் சொன்னார். நாற்பத்தேழு வயதில் முதல் முறையாக என் அப்பாவிடமிருந்து எனக்கு 'நீங்க' கிடைத்தது. அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பதில் சொன்னேன். செக்ரட்டரி பழக்கத்தில், சபையின் முழுப் பெயரையும் சொன்னேன். அட, நம்ம சபைதானா, பாத்த மாதிரி இல்லையே என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கு டீ சொன்னார்.

அண்ணாச்சி என்னைக் கல்லாவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதமாக வருவதாகவும் ஒவ்வொரு தடவையும் அதே சாமானைச் சொல்வதாகவும் தான் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவதாகவும் சொன்னார். லிஸ்டுகளைக் காட்டினார். எட்டுத் தாள். நாற்பது கிலோ, நாற்பது கிலோ, நாற்பது கிலோ. ஒரு அளவு மாறவில்லை. ஒரு தாளின் ஓரத்தில், வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும், முருங்கைக்காய் அவள் பார்த்து வாங்குவாள் என்று அப்பா சொன்னதைக்கூட அப்படியே எழுதியிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"வீட்டுல தெரியும்னுல்லா நெனச்சேன்," என்றார் அவர். "இன்னைக்குத்தான் வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டாவ. அதான் போன் பண்ணுனேன்."

விபூதி பூசிய ஒரு வெங்காய வியாபாரிக்கு என் அப்பாவின் நிலைமை இரண்டு மாதமாகத் தெரியும். ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு, மறதியைப் பற்றி மைக்கில் பேசிய எனக்கு, தெரியாது. ஸ்கூட்டரைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு நாங்கள் ஆட்டோவில் ஏறிக் கடைத்தெருவைத் தாண்டும்போது அப்பா என்னைப் பார்த்து, "ஏல, நீ எப்ப வந்த?" என்றார். சாதாரணமாக. நான் இப்போதான்ப்பா என்றேன். அது உண்மையும்கூட.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா, மலையாளி, எங்களுக்காகத் தமிழை இழுத்து இழுத்துப் பேசினார். மூன்று சொற்களைச் சொல்லி ஓர்மை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டார். எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், பிளாட்பாரத்தில் நிற்கும் கூட்டம் போல நெருக்கி எழுதினார். மூன்று சொல் என்ன என்று கேட்டபோது சங்கீதத்தை ஆரம்பித்துவிட்டார். நான் அவசரமாக, நூற்றெழுபத்தாறு வசனமும் பிசகாமல் சொல்லுவார் டாக்டர், முதல் பரிசு வாங்கினவர் என்றேன். இன்னும் நான் அப்பாவுக்கு வக்கீலாகத்தான் இருந்தேன்.

டாக்டரம்மா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அது சின்னதிலே படிச்சதல்லே, அது மறந்துபோகான் கொஞ்சம் தாமசிக்கும். இன்னைக்குக் காலையில அச்சன் என்ன கழிச்சு? தோசையா, புட்டா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அவர் சாப்பிடும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தக் கிழிந்த பாதிப் பக்கத்திலிருந்து வந்தவை போல இருந்தன. பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தது? தெரியாது. பார்த்தார், ஏறிக் கிடந்தது. சர்க்கரை? தெரியாது. காது கேட்கிறதா? முன்வரிசையில்தானே உட்கார வைத்திருக்கிறோம் என்றேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது டாக்டரிடம் அனுப்பச் சீட்டு எழுதினார். கேட்காதவர் பேச்சைக் குறைப்பார், பேச்சைக் குறைத்தவரிடம் மற்றவர்களும் குறைப்பார்கள், அப்படியே ஆள் ஒதுங்கிப்போவார் என்றார். நடப்பாரா? யாரோடு பேசுவார்? நாள் முழுக்க என்ன செய்வார்? முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? அசனத்தைப் பற்றிச் சொன்னேன். அதை ஏன் விட்டார் என்று கேட்டார். நாற்காலியைப் பற்றியும் பொன்னாடையைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது.

அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் அவர், இரக்கத்தோடு. நோய் அதன் பாட்டுக்கு வரும். வந்தது திரும்பிப் போகாது. ஆனால் காதும் பிரஷரும் நடையும் கூட்டமும் கையில் ஒரு வேலையும் இருந்தால் பலருக்கு அது தள்ளிப்போகலாம், வந்தவர்களும் கொஞ்சம் நன்றாக இருக்கலாம். பள்ளிக்குப் போகிற ஆளல்லவா, ஆள்கூட்டத்திலேயே வையுங்கள், அங்கே கொண்டுபோங்கள் என்றார். கோயிலைத்தான் அவர்கள் பள்ளி என்பார்கள்.

நான் நேர்மாறாகச் செய்தேன். அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவே இல்லை. காய்ச்சல் என்று சொன்னேன். மறதிக்கு இடமில்லாத சபையில், செக்ரட்டரியின் அப்பா வாசலில் நின்று என்னையே எந்தச் சபை என்று கேட்டால் என்ன ஆவது? மூன்று ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கவில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போன நேரத்தில் அவர் வெளியே போய்விடாமல் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அப்பா ஜன்னலண்டை நின்று, சனிக்கிழமையா என்று கேட்பார். எல்லா நாளும் கேட்பார்.

நாலாவது வாரம் மேட்ரன் அக்கா வந்தார். நாகர்கோவில்காரர்; பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். போதகரே அவர் வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். நான் ஆபீசிலிருந்து வந்து இறங்கும்போது, குடையை ஊன்றிக்கொண்டு பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா. இரண்டு பேரும் ஏதோ பழைய பண்டிகையைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காய்ச்சல்காரருக்கு வெளிய பூட்டு எதுக்கு, தம்பி?"

நான் சாவியைத் தேடினேன். ஒரு பொய்யையும் தேடினேன். சாவிதான் கிடைத்தது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவர் சொன்னதில்தான் எனக்கு அதிர்ச்சி. என் மூத்தோர் வரிசையில் இருபது நாற்காலி போட்டிருந்தேனல்லவா, அதில் இப்போது வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். மீதி எட்டுப் பேர் செத்துப்போகவில்லை. பலகை போட்ட ஐயா படுத்த படுக்கை. பூ வைத்த அம்மாள் மகன் வீட்டு மாடியறையில். மற்றவர்களுக்கும் இப்படி ஆளுக்கொரு காய்ச்சல். யாருமே விசாரிக்கவில்லை. காலி நாற்காலிகளை வாலிபர் கூட்டத்துக்காக யாரோ பின்னால் எடுத்துப் போட்டுவிட்டதால் வரிசை எப்போதும் நிறைந்தே தெரிந்தது. வருகைப் பதிவேடு வைத்திருந்தவன் நான். பிள்ளைகளுக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

"பூட்டுனா அவரு பத்திரமா இருப்பாரு," என்றார் மேட்ரன் அக்கா. "அதுல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா யாரு பத்திரமா இருக்கணும்னு நெனைக்கியளோ அந்த ஆளுதான் உள்ள இருக்க மாட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்கு வந்தார். வாசலில் மூன்று பேரிடம் எந்தச் சபை என்று கேட்டார். மூன்று பேரும் உங்க சபைதான் ஐயா என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. நான்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டியில் மேட்ரன் அக்கா பேசினார். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது, வராதவர் வீட்டுக்கு அந்த வாரமே இரண்டு பேர் போவது, மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சேர்ந்து நடந்து வருவது, காது கேட்காதவருக்கு முகம் பார்த்து வாசிப்பது. நகைக்கடை வைத்திருந்த ஒரு மெம்பர், கோயில் என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமை ஓ.பி. கிடையாது, அதனாலதான் இங்க வச்சிருக்கோம் என்றார் அக்கா. முதல் வாரம் பார்த்ததில் அந்த மெம்பருக்குத்தான் பிரஷர் எல்லோரையும்விட உச்சத்தில் இருந்தது. பேசியே ஏற்றிக்கொண்டார் என்று பெண்கள் பக்கம் சிரித்தார்கள்.

பெரியவர்களிடம் வேலைகளைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. வயதானவர்களை வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? எதிர்த்தவர்கள் என் பழைய தீர்மானத்தை, என் வாக்கியங்களோடு, மினிட் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினார்கள். என் நடை நன்றாகத்தான் இருந்தது. அதை எதிர்த்து நானே பேச வேண்டியிருந்தது. பாட்டு எண் பலகை மறுபடி அந்த ஐயாவின் கட்டிலுக்கே போனது; அவர் சனிக்கிழமை எண்களை அடுக்கிக் கொடுப்பார், யாராவது எடுத்து வருவார்கள். சில வாரம் எண் தவறாக இருக்கும். பலகையில் ஒரு பாட்டும் வாயில் ஒரு பாட்டுமாக ஓடும். யாரும் சாகவில்லை.

அப்பாவுக்கு அசனம் திரும்பி வந்தது, முழுசாக இல்லை. அரிசியும் கறியும் கேட்டரிங்காரர்; பலசரக்கும் வெங்காயமும் அப்பா. சனிக்கிழமைகளில், போட்டியில் நடுவராக இருந்த அந்த டீச்சரின் கணவர் வந்து அவரை நடத்திக் கூட்டிப் போவார். அப்பா சொல்ல, அவர் எழுத, அண்ணாச்சி சரிபார்க்க, மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வருவார்கள். எழுதுகிறவருக்குக் காது சரியாகக் கேட்காது, அப்பாவுக்கு வழி தெரியாது. ஒருவர் குறையை ஒருவர் நிரப்பிக்கொண்டு எப்படியோ சரியாக வீடு சேர்ந்தார்கள்.

அந்த வருஷ அசனத்தன்று காலையில், வெள்ளை உறையெல்லாம் கழற்றிவிட்டு என் நாற்காலிகளை வேப்பமரத்தடியில் வட்டமாகப் போட்டிருந்தார்கள். மாடியறை அம்மாள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து நாற்பது கிலோ வெங்காயம் உரித்தார்கள். பொடிசு என்று அப்பாவை ஏசவும் செய்தார்கள். அவர் சந்தோஷமாக அண்ணாச்சியின் மேல் பழியைப் போட்டார். கண்ணீர் விடுவதற்கு அன்று யாருக்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

பந்தியில் தன் பக்கத்து இலையில் யாரையும் உட்காரவிடாமல் அப்பா கையை வைத்து மறித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி வருவாள், முருங்கைக்காய் அவளுக்கு என்றார். பரிமாறிக்கொண்டிருந்த மேட்ரன் அக்கா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அவுக வாறதுக்குள்ள ஆறிரும், மகன் உக்காரட்டும் என்று சொல்லி என்னைப் பிடித்து அந்த இலையில் உட்கார வைத்தார். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இலையிலிருந்த முருங்கைக்காயையும் எடுத்து என் இலையில் வைத்தார்.

அவருக்குக் குணமாகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மூன்று வருஷத்தில் கிலோ கணக்கு போனது, பிறகு பாட்டு எண் போனது, சங்கீதம் கடைசியாகப் போனது. ஆனால் ஒரு நாளும் அவர் தனியாகத் தொலைந்துபோகவில்லை. கரமனையில் இருந்த எங்கள் வீட்டுக்கும் ஆரியசாலைக்கும் நடுவில் எங்கே நின்றாலும், இவர் எந்தச் சபை என்று தெரிந்த ஒரு ஆள் இருந்தார்.

அந்த வருஷ அசனத்தின் முடிவில், எதிர்பார்த்திருப்பீர்கள், நான் மைக்கைப் பிடித்தேன். மறதியைப் பற்றி, முதியோரைப் பற்றி, சபையின் கடமையைப் பற்றி இருபது நிமிஷம். இந்தத் தடவை அனுபவித்துப் பேசியதாக எனக்கே ஒரு நிறைவு. வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அப்பாவோடு போகும் நாட்களில் நான் ஸ்கூட்டரைத் தொடுவதை விட்டிருந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா, என் மனைவியின் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார். காது சரியில்லாதவர் தாழ்த்தும் குரல் ஆட்டோக்காரருக்கும் கேட்டது.

"அந்த செக்ரட்டரி தம்பி நல்ல பிள்ளைதான்," என்றார். "கொஞ்சம் மறதி இருக்கும்போல. போன தடவை பேசுனதையேல்லா மறுபடியும் பேசுதாரு."